அமுங்கிய செய்தியில் நம் பங்கு

2017 ஜனவரி 28 விடியற்காலையில், எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே கடலில் இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. பி.டபிள்யூ. மேப்பிள் என்ற எரிவாயுக் கப்பல் ஒன்று, டான் காஞ்சிபுரம் என்ற எண்ணெய்க் கப்பல் மற்றொன்று. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு எதுவும் இல்லை என்று துறைமுகத்திலிருந்து அன்றே அறிக்கை வந்தது. அறிக்கை வந்தபடியே செய்தியும் ஆனது. பிறகு எர்ணாவூர் பாரதியார் நகர் கரையில் தாரைப் போலக் கெட்டியான எண்ணெய் வந்து பாறைகளுக்கு இடையே அடைந்துகொண்டது. மீனவர்களும் மாணவர்களும் வரிசையாக நின்று பிளாஸ்டிக் வாளியில் அதை மொண்டு கைமாற்றிக் கைமாற்றிக் கரையேற்றினார்கள். அந்தப் படத்தை நாம் எல்லோருக்கும் அனுப்பினோம். கோபப்பட்டோம். வருத்தப்பட்டோம். எல்லாம் ஒரு வாரம்.

பிப்ரவரி 5-ஆம் தேதி சசிகலா அ.தி.மு.க. சட்டமன்றக் கட்சித் தலைவராகத் தேர்வானார். 7-ஆம் தேதி இரவு ஓ. பன்னீர்செல்வம் மெரினாவில் ஜெயலலிதா நினைவிடத்தில் போய் உட்கார்ந்தார். அதன்பின் எம்.எல்.ஏ.க்களைத் தங்கவைத்த கூவத்தூர் விடுதி. சேனல்காரர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு மொத்தமாகக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போய்விட்டார்கள். அவர்களை அங்கே அனுப்பியது நாம்தான். விடுதி வாசலில் எந்தக் கார் நுழைந்தது, எந்தக் கார் வெளியே வந்தது என்று இரவு இரண்டு மணி வரை கண்விழித்துப் பார்த்தோம். எர்ணாவூரில் எண்ணெய் எவ்வளவு அள்ளப்பட்டது, அள்ளியது எங்கே போனது, வாளி பிடித்த பிள்ளைகளின் கைத்தோல் என்ன ஆனது என்று யாரும் சொல்லவில்லை. நாமும் யாரையும் கேட்கவில்லை.

திருவொற்றியூரில் குடியிருந்து, பத்திரிகைகளுக்கு எழுதியும் பத்திரிகைகளைப் படித்தும் வயதானவன் நான். ஊடகச் சுதந்திரம் பறிபோகிறது என்று பேசும் கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். உலகப் பத்திரிகைச் சுதந்திரப் பட்டியலில் 180 நாடுகளில் இந்தியாவுக்கு 161-வது இடம் என்று 2023-இல் வந்தபோது எல்லோரும் கொதித்தோம். டெல்லியைச் சொன்னோம், கோட்டையைச் சொன்னோம், முதலாளிகளைச் சொன்னோம். சொன்னதில் பொய்யில்லை. ஆனால் எண்ணூரின் செய்திகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், எவரும் வாயைப் பொத்துவதற்கு முன்பே நாம் காதைப் பொத்திக்கொண்டது தெரிகிறது. கேட்க ஆளில்லாத செய்தியை அமுக்க யாரும் பெரிதாகப் பாடுபட வேண்டியதில்லை.

சாம்பலை எடுத்துக்கொள்வோம். வடசென்னை அனல்மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் சாம்பல் குட்டைக்குக் கொண்டுபோகிறார்கள். குழாய் எங்கெல்லாம் ஒழுகியதோ அங்கெல்லாம் கொசஸ்தலை ஆறும் கழிமுகமும் சாம்பல் படிந்து மேடேறின. தண்ணீருக்குள் இறங்கிச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் கைக்கு இறாலுக்குப் பதில் வழுவழுவென்று சாம்பல் சிக்கியது. முன்பு படகு போன இடத்தில் முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கிப் படகைத் தள்ள வேண்டியதாயிற்று. இதெல்லாம் ஒரே நாளில் நடக்கவில்லை. சாம்பலுக்குத் தேதி கிடையாது. வெடிக்கவில்லை, தீப்பிடிக்கவில்லை, பிணம் விழவில்லை. அதனால் அது செய்தியாகவும் இல்லை. கழிமுகத்து மீனவர்களே தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். 2022 ஜூலையில் தென்மண்டல அமர்வு தீர்ப்புச் சொன்னது. ஆற்றில் சாம்பல் கலந்ததற்கு மின் உற்பத்திக் கழகம் பொறுப்பேற்க வேண்டும், ஆற்றைச் சரிசெய்ய வேண்டும் என்றது. ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக இருந்த அந்தத் தீர்ப்பை, எழுதுகிறவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நம்மில் எத்தனை பேர் முழுதாகப் படித்தோம்? படித்ததை எத்தனை பேர் நெட்டுக்குப்பத்திலோ காட்டுக்குப்பத்திலோ போய்த் தமிழில் சொன்னோம்?

எண்ணூரில் கூடுதலாக ஒரு சிக்கலும் உண்டு. அனல்மின் நிலையம் மாநில அரசுடையது. துறைமுகமும் மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் மத்திய அரசு நிறுவனங்கள். மாசை அளப்பது அரசு வாரியம். பத்திரிகைக்கு டெண்டர் விளம்பரமும் முழுப்பக்க வாழ்த்து விளம்பரமும் தருவது மறுபடி அரசு. மிச்சமிருக்கிற தனியார் ஆலைகளும் விளம்பரதாரர்களே. பத்திரிகை முதலாளி தனியார்தான், ஆனால் அவர் வாடகையும் காகிதமும் சம்பளமும் இந்த விளம்பரக் காசில் ஓடுகின்றன. ஏன்? பேப்பர் அச்சடிக்க ஆகிற செலவை நாம் கொடுப்பதில்லை. விலையில் ஒரு ரூபாய் ஏற்றினால் பேப்பர்காரரிடம் ‘அடுத்த மாசத்திலிருந்து வேண்டாம்’ என்று சொல்லிவிடுகிறோம். பிறகு காசில்லாமல் போனில் படிக்கலாம் என்று வந்ததும் அந்தக் காசையும் நிறுத்தினோம். செய்திக்கு நாம் கொடுக்க மறுத்த காசை வேறொருவர் கொடுத்தார். கொடுத்தவரின் மனம் கோணாமல் செய்தி வளைந்தது. டீக்கு இவ்வளவு, பிரியாணிக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்க்காமல் கொடுக்கிற நாம்தான், ‘பத்திரிகை எல்லாம் விலை போய்விட்டது’ என்று அதே டீக்கடையில் நின்று பேசினோம்.

எனக்குத் தெரிந்த ஒரு பகுதிநேர நிருபர் கத்திவாக்கம் பக்கத்தில் இருக்கிறார். மாதச் சம்பளம் கிடையாது. அச்சான செய்திக்கு ஏதோ கொஞ்சம், பெட்ரோலுக்குக்கூடக் காணாது. தீபாவளி மலர், ஆண்டு விழா மலர் என்றால் விளம்பரம் பிடித்துத் தர வேண்டியதும் அவர் வேலை. எந்த ஆலையின் புகைபோக்கியைப் படம் எடுக்கிறாரோ அந்த ஆலையின் வரவேற்பறையில் போய் விளம்பரத்துக்கு உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு சாயங்காலம் நான் கூட இருந்தபோது மீன் விற்கும் அம்மா ஒருவர் அவரைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, அன்னிக்கு வலையைப் போட்டோ புடிச்சியே, பேப்பர்ல வந்துச்சா?”

“அனுப்பிட்டேன்க்கா. பக்கம் இல்லைன்னுட்டாங்க.”

“பக்கம் இல்லாம எப்படிப்பா பேப்பர் வருது?”

நிருபர் பதில் சொல்லவில்லை. என்னிடமும் பதில் இல்லை. அவர் போனில் அந்தப் படம் இருந்தது. ஈரம் காயாத நைலான் வலை, கண்ணிக்குக் கண்ணி கறுப்பாக ஒட்டிய எண்ணெய், அதை உரித்தெடுக்க முயன்ற விரல்கள், நகக்கண்களில் கறுப்பு. நல்ல படம். அதை வாங்கிப் பார்த்துவிட்டு, ‘பாவம்’ என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அவர் ஆசிரியருக்கு நாலு வரி எழுதிப்போட வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை. இப்படித் தோன்றாமல் போனவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறோம். வாசகர் கடிதம் வராத பகுதிக்குப் பக்கம் ஒதுக்க எந்த ஆசிரியருக்குத் தெம்பு வரும்?

நமக்கு வாய் வராததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் இந்த எழுத்துக்கு நேர்மை இல்லை. திருவொற்றியூர், எண்ணூர், மணலி வீடுகளில் சோறு வந்தது கம்பெனியிலிருந்து. தீக்குச்சி, டயர், மோட்டார் சைக்கிள், லாரி, உரம், பெட்ரோல் என்று நம் அப்பாக்களும் சித்தப்பாக்களும் ஷிப்டு பார்த்துக் குடும்பத்தை நிமிர்த்தினார்கள். ‘கம்பெனியில வேலை’ என்றால் பெண் கொடுத்தார்கள். ராத்திரி நாற்றம் வந்தால் ஜன்னலைச் சாத்தினோம். கொடியில் காய்ந்த துணியை உதறிவிட்டு மடித்தோம். யாராவது நிருபர் வந்து விசாரித்தால், ‘பேர் போடாதீங்க சார், பையனுக்கு அப்ரண்டிஸ் கேட்டிருக்கோம்’ என்றோம். கோயில் திருவிழாவுக்குக் கம்பெனி நன்கொடை வந்தது, பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு வந்தது, தெருவுக்குத் தண்ணீர்த் தொட்டி வந்தது. வாங்கிக்கொண்டோம். வயிற்றுப்பிழைப்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் பிழைப்புக்குத் தேவைப்பட்டதைவிடக் கூடுதலாகவே மௌனமாக இருந்துவிட்டோம். கம்பெனியில் ஓய்வு பெற்ற பிறகும் பேசவில்லை. ஓய்வூதியக்காரர்கள் பேசியிருந்தால் யார் வேலையைப் பறித்திருப்பார்கள்?

இதே வடசென்னையின் தொழிலாளர்கள் ஒரு காலத்தில் பத்திரிகையைத் தங்கள் சொத்தாக நினைத்தவர்கள். 1918-இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அதில் முன்நின்ற திரு.வி.க., தம் ‘தேசபக்தன்’ நாளிதழில் ஆலைக்குள் நடப்பதை எழுதினார். மீனவக் குடும்பத்தில் பிறந்த சிங்காரவேலர் 1923-இல் சென்னையில் மே தினம் கொண்டாடியதோடு நிற்காமல் ‘தொழிலாளன்’ என்று ஒரு பத்திரிகையும் நடத்தினார். வெள்ளைக்கார அரசு, வெள்ளைக்கார முதலாளி, கையில் காசில்லாத வாசகர்கள். அப்படியிருந்தும் செய்தி வெளியே வந்தது. எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கூடிக் கேட்டார்கள். அவர்களைவிட நமக்குப் படிப்பு அதிகம், வருமானம் அதிகம், சட்டப் பாதுகாப்பும் அதிகம்.

பத்திரிகை மீது அரசு கை வைக்கிறபோது நாம் துடிக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1987-இல் ஒரு அட்டைப்படக் கார்ட்டூனுக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் 3 மாதக் கடுங்காவல் விதித்தது. நாடு முழுக்கக் கண்டனம் எழுந்து சில நாட்களிலேயே அவரை விடுவித்தார்கள். 2025 பிப்ரவரியில் விகடன் இணையதளம் ஒரு கார்ட்டூனுக்காக முடக்கப்பட்டபோதும் தமிழ்நாட்டில் சத்தம் கேட்டது. கைது, முடக்கம் என்று கண்ணுக்குத் தெரிந்தால் நமக்கு ரோஷம் வருகிறது. கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறதை விட்டுவிடுகிறோம். ஜெயலலிதா அரசு ஐந்தாண்டில் 213 அவதூறு வழக்குகள் போட்டதாக 2016-இல் உச்ச நீதிமன்றத்தில் தெரியவந்தது. அதில் 55 வழக்குகள் ஊடகங்கள் மீது. 2012, 2013 வாக்கில் பத்திரிகைகள் மீது போட்ட வழக்குகளில் பலவற்றைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது 2020 மே மாதத்தில். அதுவரை ஆசிரியர்களும் நிருபர்களும் வாய்தாவுக்கு அலைந்தார்கள். அந்த ஆண்டுகளில் எந்த வாசகர் அவர்களுடன் கோர்ட்டு வாசல் வரை போனார்? ‘பத்திரிகைக்காரங்களுக்கு இதெல்லாம் சகஜம்’ என்று நாமே அவர்கள் சார்பில் தேற்றிக்கொண்டோம்.

கேபிளிலும் அதே கதைதான். 2011-இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தபோது நாம் மகிழ்ந்தோம். தனியார் ஆதிக்கம் ஒழிந்தது என்று நானும் நினைத்தேன். அரசே கேபிள்காரராக இருந்தால், பிடிக்காத சேனலை என்ன செய்யும் என்று யோசிக்க அந்த 70 ரூபாய் விடவில்லை. 2018-இல் கோவையில் நடந்த ஒரு விவாத நிகழ்ச்சிக்காகப் புதிய தலைமுறை தொலைக்காட்சி மீது வழக்குப் பதிவானது. சேனலை அரசு கேபிளில் பின்வரிசைக்குத் தள்ளிவிட்டார்கள் என்று பத்திரிகையாளர்கள் கண்டித்தார்கள். ஆட்சி மாறிய பிறகு 2025 அக்டோபரில் அதே சேனல் குறித்து அதே மாதிரிப் புகார் மறுபடி எழுந்தது. இரண்டு தடவையும் நம் வீட்டில் நடந்தது ஒன்றுதான். சேனல் காணவில்லை, ரிமோட்டை அமுக்கி அடுத்ததற்குப் போனோம். கேபிள் ஆபரேட்டரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

2023 டிசம்பரை நினைத்தால்தான் மனம் ரொம்பக் கனக்கிறது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் நகரமே மூழ்கியது. காரப்பாக்கத்தில் சிக்கிய சினிமா நட்சத்திரங்களைப் படகில் மீட்ட படம் நாடெங்கும் போனது. அதே நாட்களில் மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே எர்ணாவூர் வீடுகளுக்குள் நுழைந்தது, கழிமுகத்தில் பரவியது. சுவரில் வெள்ளம் ஏறிய உயரத்துக்கு ஒரு கறுப்புக் கோடு. கூழைக்கடாக்கள் சிறகில் எண்ணெயோடு நின்றன. எங்கள் குழாயில் கசிவில்லை என்று சுத்திகரிப்பு ஆலை முதலில் சொன்னது. கடலோரக் காவல்படையோ 20 சதுர கிலோமீட்டருக்கு எண்ணெய் பரவியிருப்பதாகச் சொன்னது. அந்தச் சில நாட்களில் செய்தியைத் தூக்கி நிறுத்தியவர்கள் குப்பத்துப் பிள்ளைகள். தரையில் தேங்கிய எண்ணெயில் கையை முக்கிக் கேமராவுக்கு நேரே காட்டினார்கள். நாங்கள் இங்கே திருவொற்றியூரில், சில கிலோமீட்டர் தூரத்தில், பால் பாக்கெட்டுக்கும் கரண்டுக்கும் அலைந்துகொண்டு, அந்த வீடியோவைப் பார்த்து ‘உண்மையா இருக்குமா’ என்று கேட்டுக்கொண்டிருந்தோம். நேரே போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய தூரம்.

அந்த மாதம் முடிவதற்குள், 26-ஆம் தேதி நள்ளிரவில், பெரியகுப்பம் பக்கம் கோரமண்டல் ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கண் எரிய, மூச்சு முட்ட, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் ரோட்டுக்கு ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். நிலைமையை விரைவில் சீராக்கிவிட்டோம் என்று நிறுவனம் அறிக்கை தந்தது. கசிவு நடந்த மறுநாள் எல்லாச் சேனலும் எண்ணூரில் இருந்தன. ஆலையை மூடச்சொல்லி ஜனங்கள் பந்தல் போட்டு வாரக்கணக்கில் உட்கார்ந்தபோது கேமராக்கள் இல்லை, நாமும் இல்லை. பந்தலைத் தாண்டிப் பஸ்ஸில் போனவர்கள் நம்மில் நிறையப் பேர். இறங்கியவர்கள் குறைவு.

2025 செப்டம்பர் 30. எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் உயரத்தில் இருந்த இரும்புக் கட்டமைப்பு சரிந்து வெளிமாநிலத் தொழிலாளர்கள் 9 பேர் இறந்தார்கள். கரூர் நெரிசலில் 41 உயிர்கள் போய் மூன்றே நாள் ஆகியிருந்தது. நாடு கரூரைப் பற்றிப் பேசியது நியாயம். ஆனால் அடுத்த வாரங்களிலும் அந்த ஒன்பது பேரைப் பற்றி நாம் கேட்கவில்லை. அவர்கள் பேசிய மொழி வேறு, ஓட்டு வேறு மாநிலத்தில். நம் தெருவில் வாடகைக்கு இருக்கிறவர்கள் அவர்களைப் போன்றவர்கள்தான். நம் கடையில் அரிசி வாங்குகிறார்கள், நம் மொட்டை மாடியில் துணி காயப்போடுகிறார்கள். பக்கத்து அறைப் பையனிடம் ‘செத்தவங்க உனக்குத் தெரிஞ்சவங்களா’ என்று கேட்பதற்கு எந்த அரசும் தடை போடவில்லை.

சரிசெய்ய வழியில்லாமல் இல்லை. பெரிய ஆலையோ துறைமுகமோ வருவதற்கு முன் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை சொல்கிறது. ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு மாநில மொழி நாளிதழிலும் 30 நாள் முன்னதாக அறிவிப்பு வர வேண்டும். மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் யார் வேண்டுமானாலும் கேட்டுப் படிக்கலாம். பேப்பரின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் வரும் அந்த அறிவிப்பை நாம் தாண்டிப் போய்ப் பழகியிருக்கிறோம். பழவேற்காட்டு மீனவர்கள் தாண்டிப் போகவில்லை. காட்டுப்பள்ளி துறைமுக விரிவாக்கத்துக்காக 2021-இலும் 2023-இலும் அறிவித்த கூட்டங்கள் தள்ளிப்போனதில், ஊர் ஊராகப் போய்ச் செய்தி சொன்ன அவர்களுக்கும் பங்கு உண்டு.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்றவர்கள் சிலர் சேர்ந்து, இந்த அறிவிப்புகளைக் கத்தரித்து டீக்கடையிலும் மீன் மார்க்கெட்டிலும் ஒட்டத் தொடங்கியிருக்கிறோம். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு இரண்டு பத்திரிகைகளுக்கு ஆண்டுச் சந்தா கட்டினோம். சந்தாக் கட்டியதோடு விடாமல், எண்ணூர் செய்தி வந்தால் நன்றி என்றும் வராவிட்டால் ஏன் என்றும் ஆசிரியருக்கு எழுதுகிறோம். கம்பெனியில் வேலை பார்த்த ஒருவர், குழாய் எங்கே எப்படிப் போகிறது என்று தாளில் வரைந்து நிருபர் தம்பிக்கு விளக்கினார். தன் பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னார். தீர்ப்பாயத்தின் உத்தரவுகளைத் தமிழில் எழுதித்தர இரண்டு வக்கீல் பிள்ளைகள் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். குப்பத்துப் பிள்ளைகள் கேட்பது இன்னும் சின்னது. போனுக்கு ரீசார்ஜ், எடுத்த வீடியோவில் தேதியும் இடமும் சரியா என்று பார்த்துச் சொல்ல ஒரு பெரியவர், போலீஸ் கூப்பிட்டால் கூட வர ஒரு ஆள். கூடப் போவதற்கு நான்கு பேர் பெயர் கொடுத்திருக்கிறோம். ஐந்தாவது, ஆறாவது பெயருக்குத் தாளில் இடம் இருக்கிறது.